கலியாண முற்றத்து மணல்

மகனே,

சுகம் விசாரிக்கும் வரிகளை இந்த முறை விட்டுவிடுகிறேன். என் முழங்கால் எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும், உன் மனம் எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கொழும்பு வேலையை விட்டு ஜேர்மனிக்குப் போக நாள் குறித்தாயிற்று என்ற உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. பயணச் செய்தியால் அல்ல. அடியில், கையெழுத்துக்கு மேலே, நெருக்கி எழுதியிருந்தாயே, அதனால். நம் மண்கும்பான் கரையில் மணல் திட்டியிலிருந்த ஆலாக் கடற்குருவிகளின் கூடுகள் ஏன் அழிந்தன என்று கேட்ட அட்டையில், போன வருஷம் நான் உள்ளதை எழுதாமல் 'காகம்' என்று எழுதியிருந்தால் பாதித் திட்டியாவது மிஞ்சியிருக்கும் என்று எழுதியிருந்தாய். இனி நான் அந்தக் கரைக்குப் போய்க் காலை நோகவைக்கத் தேவையில்லை என்றும் எழுதியிருந்தாய். ஒரு வருஷமாக நெஞ்சுக்குள் வைத்திருந்ததைப் போகிற நேரத்தில் சொல்லிவிட்டாய். நல்லதுதான். சொல்லாமல் போயிருந்தால் அந்தக் குளிர் நாட்டில் அதையும் சுமந்துகொண்டு இருந்திருப்பாய். இப்போது என்னுடையதை நான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது நீளமாகத்தான் இருக்கும். சுருக்கி எழுதுவது மேல்வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள் போலிருக்கிறது, நான் அந்தப் பக்கம் போகவில்லை.

அந்த அட்டைகளை நீ முதன்முதல் கொண்டுவந்த சித்திரை லீவை நினைத்துப் பார். நான் உழுந்து அரைத்துக்கொண்டிருந்தேன். நீ குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கொழும்பில் சில ஆட்கள் கந்தோர் இல்லாத நாட்களில் குருவி பார்க்கப் போகிறார்கள், நானும் அவர்களோடு சேர்ந்திருக்கிறேன் என்றாய். எந்தக் குருவி எந்த ஊரில் கூடு வைக்கிறது, எத்தனை முட்டை இடுகிறது, எத்தனை குஞ்சு பறக்கிறது என்று நாடு முழுக்க எழுதிச் சேர்க்கிறார்கள் என்றாய். இதற்கு ஆர் சம்பளம் தருகிறது என்று கேட்டேன். ஒருத்தரும் இல்லை, விருப்பத்துக்குச் செய்கிறது என்றாய். ஐம்பத்தாறில் உன்னைப் பெற்றுப் படிக்கவைத்து அரசாங்க வேலைக்கு அனுப்பியது இதற்குத்தானா என்று அன்றைக்கு மனதுக்குள் நினைத்தேன், இப்போது சொல்கிறேன். "அப்ப குருவியளுக்குத் தெரியுமோ நீங்கள் எண்ணுறது?" என்று கேட்டதற்கு நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வளவு நாய் குரைத்தது. ஆனால் அதற்குப் பிறகு நீ சொன்ன ஒன்றுதான் என்னைப் பிடித்தது. ஓர் இடத்தில் மூன்று வருஷம் தொடர்ந்து கூடு வைத்துக் குஞ்சு பொரித்தன என்று அட்டை போனால், அந்த இடத்தில் மணல் அள்ளக் கூடாது என்று இவர்கள் அரசாங்கத்துக்கு எழுதிக் கேட்பார்கள் என்றாய். அப்போது பெட்டி பூட்டிய உழவு மெசின்கள் வந்து கரை மணலை அள்ளத் தொடங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. கிழக்குப் பக்கத்துத் திட்டிகள் எல்லாம் போய், ஆலா முட்டையிடும் அந்த ஒரு திட்டிதான் மிச்சம். மூன்று வருஷம் அது நிற்க வேண்டும், மூன்று வருஷமும் குஞ்சு பொரிக்க வேண்டும். அவ்வளவுதான் கேள்வி.

ஆலா கூடு வைப்பது வைகாசி, ஆனியில். உனக்கு லீவு சித்திரையில். அதனால்தான் வேலை என் தலையில் விழுந்தது. அட்டை இங்கிலீசிலும் சிங்களத்திலும் அச்சடித்திருந்தது. ஒவ்வொரு கோட்டுக்கு மேலேயும் நீ பென்சிலால் தமிழில் எழுதித் தந்தாய்: இடம், கூடுகள், முட்டை, குஞ்சு, அழிந்திருந்தால் காரணம். நான் தமிழில் எழுதி உனக்கு அனுப்புவேன், நீ இங்கிலீசில் எழுதி அவர்களிடம் கொடுப்பாய். இரண்டு பேரப்பிள்ளைகளுக்கு அம்மம்மா ஆன பிறகு நான் எழுதிய எழுத்து கொழும்புக்குப் போய்க் கணக்கில் ஏறுகிறது என்பதில் எனக்கு இருந்த பெருமையை நான் ஒருவருக்கும் காட்டவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் அக்கா சொல்கிறாள், தபால்காரனைக் கண்டால் நான் சீலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்வேனாம்.

வெயில் ஏறுமுன் போக வேண்டும், கூடுகளுக்குள் அதிக நேரம் நிற்கக் கூடாது, நின்றால் தாய் எழும்பிப் பறந்து முட்டை சூட்டில் வெந்துபோகும் என்று நீ சொல்லித் தந்தபடியே செய்தேன். கூடு என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. மணலில் நெஞ்சால் அழுத்திய ஒரு சின்னக் குழி, அதற்குள் மணல் நிறத்திலேயே புள்ளி போட்ட இரண்டு முட்டை. கண்ணை வேறு பக்கம் திருப்பினால் திரும்ப அதைக் கண்டுபிடிக்க ஏலாது. சோளகக் காற்று வீசுகிற நாட்களில் மணல் பறந்து முட்டையைப் பாதி மூடியிருக்கும், தாய் வந்து காலால் தட்டிவிடும். ஒருநாள் நேரம் பிந்திப் போனபோது கண்டேன், கடலில் போய் நெஞ்சை நனைத்துக்கொண்டு வந்து ஈரத்தோடு முட்டையில் இருந்தது. உனக்குச் சூட்டுக் காய்ச்சல் வந்த நாட்களில் நான் நனைத்த துணியோடு ஓடித்திரிந்தது நினைவுக்கு வந்தது. அதை அட்டையில் எழுத ஒரு கோடு இல்லை. என்னைக் கண்டால் அவை தலைக்கு மேலே வந்து கத்தும், தலையில் எச்சமிடும். ஊருக்கு இது நல்ல விளையாட்டாகப் போயிற்று. கிணற்றடியில் பக்கத்து வீட்டு அன்னம்மா எல்லாருக்கும் கேட்கக் கேட்டாள்: "என்ன அக்கா, ஆலாவுக்குச் சாதகம் எழுதிக் கொழும்புக்கு அனுப்புறியளாம். பலன் எப்பிடி?" "பலனெல்லாம் நல்லாத்தான் இருக்கு, பக்கத்து வீடுதான் சரியில்லை" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ஆனால் அந்தச் சாதகக் கதை அங்கே நிற்கவில்லை, பக்கத்து ஊர் சரவணை வரைக்கும் போய்விட்டது. சந்தையில் முன்பின் தெரியாதவர்கள்கூட என்னைப் பார்த்து வாயைப் பொத்தினார்கள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை என்று உனக்கு எழுதினேன். பொருட்படுத்தினேன். அது பின்னால் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்.

முதல் வருஷம் குஞ்சுகள் பறந்தன. இரண்டாம் வருஷம் நாய்கள் புகுந்தும் பாதிக்கு மேல் பறந்தன. இரண்டு அட்டையும் போயிற்று. மூன்றாம் வருஷம் தொடங்குமுன், கூடுகளை இரட்டித்து எண்ணிவிடாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு முழம் தள்ளித் தடி நட்டு அடையாளம் வைக்கச் சொல்லிக் கொழும்பில் சொன்னார்கள் என்று நீ எழுதினாய். வேலிக்கு வெட்டியதில் மிஞ்சிய கிளுவந்தடிகளை எடுத்துச் சின்னச் சின்னதாய் நறுக்கி, உன் ஐயாவின் பழைய சால்வையைக் கிழித்துத் தலைப்பில் கட்டி, குனிந்து குனிந்து நட்டேன். வடிவாக இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் திட்டி முழுக்க வெள்ளைப் பூப் பூத்த மாதிரி. அதற்கு அடுத்த கிழமை செல்லத்துரை உழவு மெசினோடு வந்து நின்றான். சரவணையில் இருந்துகொண்டு மணல் ஏற்றி விற்பவன், நல்ல மனுஷன், உனக்கும் தெரியும். "அக்கா, உந்தத் தடியள் ஆற்றை?" என்று கேட்டான். குருவிக்கு என்று சொன்னால் சிரிப்பான். சாதகம் எழுதுகிற அக்கா இப்போது வேலியும் போடுகிறா என்று சந்தை முழுக்கக் கதை போகும். அதனால் நான் சுருக்கமாகச் சொன்னேன்: "எங்கட தடிதான். உதுக்குள்ளை ஒருத்தரும் இறங்கக் கூடாது. நீர் உம்மடை ஆக்களுக்கும் சொல்லிவிடும்." அவன் ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை. "உங்கடையெண்டாப் பிறகென்ன, நான் பாத்துக்கொள்ளுறன்" என்று சொல்லி மெசினைத் திருப்பினான்.

அந்த வருஷம் போல ஒரு வருஷம் இல்லை. ஒரு சில்லுத் தடம்கூடத் திட்டியில் விழவில்லை. செல்லத்துரை மற்ற மெசின்காரரையும் அந்தப் பக்கம் விடவில்லை, ஆடு கட்ட வந்தவர்களைக்கூடக் கலைத்தான் என்று கேள்விப்பட்டேன். முந்திய இரண்டு வருஷத்தையும் விடக் கூடுகள் கூடியிருந்தன. நான் அரசாங்கம் செய்யாததை ஒரு வாய்ச் சொல்லால் செய்துவிட்டேன் என்று உனக்கு எழுதினேன், அந்தக் கடிதம் உன்னிடம் இருந்தால் கிழித்துப் போடு.

அந்த ஆனியில் உன் தங்கச்சி வசந்திக்குக் கலியாணம். பந்தல், வாழை, மணல் எல்லாம் என் தம்பி, உன் அம்மானின் பொறுப்பு. எனக்குப் பலகாரச் சூடும் அழைப்பும். கலியாண வீட்டு முற்றத்துக்குப் புது மணல் பரப்பாமல் நம் தீவில் ஒரு கலியாணமும் நடந்ததில்லை. ஆனால் அந்த மணல் எங்கிருந்து வருகிறது, ஆர் எப்படி இடம் பிடிக்கிறார்கள் என்பது ஆம்பிளைகளின் விஷயம். நான் ஒருநாளும் கேட்டதில்லை, உன் ஐயா இருந்தபோது அவர் பார்த்தார். கலியாணத்துக்கு முதல்நாள் காலமை நான் அரியதரச் சட்டியோடு நின்றபோது முற்றத்தில் மெசின் வந்து மணலைக் கொட்டிப் பறித்த சத்தம் கேட்டது. பெண்கள் எல்லாரும் கடகத்தில் அள்ளி அள்ளிப் பரப்பினார்கள். உன் அக்கா என்னைக் கூப்பிட்டாள். சும்மா கூப்பிடுகிற குரல் இல்லை அது. போனேன். அவள் உள்ளங்கையில் புள்ளி போட்ட முட்டைக் கோது. மணலைக் கையால் விலக்க விலக்க இன்னும் இன்னும் கோது வந்தது, ஈரமாக, ஒட்டிக்கொண்டு. நான் தடியில் கட்டிய சால்வைத் துண்டு ஒன்றும் வந்தது. அதற்கு அடியில் ஒரு முட்டை உடையாமல் கிடந்தது. எடுத்துக் காதில் வைத்தேன். உள்ளே சத்தம் கேட்டது. பொரிக்க நாள் கிட்டியிருந்தது.

உன் மாமி எட்டிப் பார்த்தா. "முட்டையே? கலியாண முற்றத்திலை முட்டை வந்தால் நல்ல சகுனமெல்லோ மச்சாள். வீடு நிறையப் பிள்ளையள் ஓடித் திரியும், பாருங்கோ." எல்லாரும் சிரித்தார்கள். வசந்தி வெட்கப்பட்டு உள்ளே ஓடினாள். நானும் சிரித்தேன். நல்ல காரியம் நடக்கிற வீட்டில் தாய்க்காரியின் கண் நனைந்தால் ஆயிரம் கதை வரும். கலியாணத்துக்கு வந்திருந்த நீ மட்டும்தான் சிரிக்கவில்லை. உடையாமல் கிடைத்த ஒன்றிரண்டைச் சுளகில் வைத்து மூடிக்கொண்டு நீ சைக்கிளை எடுத்தாய், கலியாணப் பெண்ணின் தாய் நான் பின்னால் கரியரில் ஏறினேன். வழியில் கண்டவர்கள் என்ன நினைத்தார்களோ. திட்டியின் நடுவில், நான் தடி நட்டிருந்த அந்த அளவுக்கு, கரண்டியால் வெட்டி எடுத்த மாதிரிப் பள்ளம். சுற்றியிருந்த மணல் அப்படியே கிடந்தது. பள்ளத்தின் அடியில் தண்ணீர் ஊறத் தொடங்கியிருந்தது. முட்டைகளை விளிம்பில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றோம். தாய்கள் வந்தன. முட்டையிடம் வரவில்லை. தங்கள் தங்கள் கூடு இருந்த இடத்துக்கு நேர் மேலே, இப்போது வெறும் காற்றாக இருந்த இடத்தில், செட்டையை அடித்துக்கொண்டு நின்றன. அவைக்கு இடம்தான் தெரியும், முட்டை தெரியாது. அந்த முட்டைகளும் இனிப் பொரிக்காது என்று இரண்டு பேருக்கும் அப்போதே விளங்கிவிட்டது.

செல்லத்துரை வெறும் பெட்டியோடு திரும்பி வந்துகொண்டிருந்தான். எங்களைக் கண்டு மெசினை நிறுத்தினான்.

"என்ன அக்கா, மணல் காணாதோ? இன்னுமொரு பெட்டி பறிக்கட்டோ?"

"ஏன் தம்பி இதிலை அள்ளினனீர்?"

"உங்கட தடி நட்ட இடத்திலைதானே அள்ளினனான். எத்தினை பேர் கேட்டு வந்தவை தெரியுமே? பெட்டையின்ரை கலியாணத்துக்கெண்டு அக்கா பிடிச்சு வைச்ச மணலெண்டு சொல்லி ஒருத்தரையும் கிட்ட விடேல்லை. தடிக்கு வெளியிலை ஒரு பிடி எடுத்திருந்தாலும் கேளுங்கோ."

மணல் அள்ளுகிறவர்கள் தங்கள் துண்டுக்கு அடையாளம் வைப்பது அப்படித்தானாம், தடி நட்டுத் துணி கட்டி. தீவில் உள்ள ஆம்பிளைகள் எல்லாருக்கும் தெரியும். அந்த மூன்றாம் வருஷம் திட்டியைக் காத்தது என் சொல் இல்லை. அது வசந்தியின் கலியாண மணல் என்று நினைத்துச் செல்லத்துரை காத்தான். காத்து, நாள் வந்ததும், எனக்கே கொண்டுவந்து தந்தான். கூலியும் வேண்டாம், பிள்ளைக்கு என் பங்காக இருக்கட்டும் என்றான். நீ ஓரடி எடுத்து வைத்தாய். நான் உன் கையைப் பிடித்தேன். "நல்ல மணல் தம்பி. ஒரு குறையும் இல்லை" என்று அவனுக்குச் சொன்னேன். வேறென்ன சொல்ல? அவன் செய்தது மரியாதை. மறுநாள் அந்த மணலில்தான் மாப்பிள்ளை இறங்கினார். வந்தவர்கள் எல்லாரும் மணலைப் பற்றிச் சொன்னார்கள், இப்படிக் கல்லும் சிப்பியும் இல்லாத வெள்ளை மணல் எங்கே எடுத்தீர்கள் என்று.

இனி அட்டைக்கு வருகிறேன். வசந்தியை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பி, பந்தலைப் பிரித்த பின்னேரம் நீ அதை எடுத்து வைத்தாய். அழிந்திருந்தால் காரணம் என்ற கோட்டில் பென்சிலை வைத்துக்கொண்டு சொன்னாய்: "காகம் எண்டு போடுவம் அம்மா. காகம் எண்டால் கூடுதான் அழிஞ்சது, இடம் இருக்குது. இன்னொரு வருஷம் பாப்பம் எண்டு விடுவினம். மணல் அள்ளினது எண்டு போட்டால் அந்த இடமே இல்லையெண்டு கணக்கிலையிருந்து எடுத்துப்போடுவினம்." காகம் ஒன்றும் செய்யவில்லையே என்றேன். "காகம் என்ன, கொழும்புக்கு வந்து மறுக்கவோ போகுது?" என்றாய். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். பென்சிலை உன் கையிலிருந்து வாங்கி நானே எழுதினேன்: மணல் அள்ளியதால். எங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு.

ஏன் அப்படி எழுதினேன் என்று நீ அன்றைக்குக் கேட்கவில்லை, இப்போது சொல்கிறேன். உன் ஐயாவுக்குத் தெற்கே கடை இருந்தது, ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் எரிந்தது என்று உனக்குத் தெரியும். அது உனக்குத் தெரியும் என்பதே நான் சொன்னதால்தான். அவர் ஒருநாளும் சொல்லவில்லை. ஒரு பெட்டியோடு வந்து படலையில் நின்றவர், ஊர் கேட்டதற்கு வியாபாரம் படுத்துப்போயிற்று என்றார். கடைக்கு நெருப்பு வைத்தவர்களில் தினமும் அவரிடம் தேத்தண்ணி குடித்தவர்களும் இருந்தார்கள். அதைச் சொல்ல அவருக்கு வெட்கம். ஊர் நம்பிவிட்டது. கடன் கொடுத்துக் கெட்டான், கணக்குத் தெரியாதவன் என்று பேசினார்கள். சரி, ஊர் பேசட்டும். ஆனால் பத்துப் பதினைந்து வருஷம் போனபிறகு, சாகக் கிடந்தபோது அவர் என்னிடம் சொன்னார், தான் வியாபாரத்துக்கு லாயக்கில்லாதவன், என்னையும் பிள்ளைகளையும் கெடுத்துவிட்டார் என்று. நெருப்பை மறந்துவிட்டார், மகனே. தான் சொன்ன பொய்யைத் தானே நம்பிவிட்டார். காகம் என்று எழுதியிருந்தால் சில வருஷத்தில் எனக்கும் காகம்தான் நினைவிருக்கும். வசந்தியின் கலியாண முற்றத்தைப் பற்றி நான் நல்லதாக மட்டுமே நினைத்துக்கொண்டிருப்பேன். எனக்கு அது வேண்டாம்.

அதற்காக நான் எழுதியதால் நன்மை வந்தது என்று சொல்ல வரவில்லை. நீ எழுதியிருப்பது சரி. கொழும்பு ஆட்கள் நன்றி சொல்லி, இடத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டார்கள். மாரிக்கு முன் லொறிகள் வந்து மிச்சப் பாதியையும் ஏற்றிக்கொண்டு போயின, செல்லத்துரைக்குக்கூட ஒன்றும் கிடைக்கவில்லை. உள்ளதை எழுதியது சரி, ஆனால் அதனால் ஒரு குஞ்சும் பொரிக்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஒன்று மற்றதை அழிக்கும் என்று காத்திருந்தேன், அழிக்கவில்லை. இன்னொன்றும் உனக்குச் சொல்ல வேண்டும். நான் தமிழில் எழுதியதை நீ இங்கிலீசில் மாற்றிக் காகம் என்று எழுதியிருக்கலாம். எனக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. நீ அப்படிச் செய்யவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? திட்டி போனதால்தான் தெரியும். என்மேல் கோபத்தோடு இருந்துகொண்டே என் சொல்லை அப்படியே எழுதிக்கொடுத்த பிள்ளை நீ. அந்தக் கோபத்தைக் கொண்டுபோ, பரவாயில்லை, இதையும் சேர்த்துக் கொண்டுபோ.

போகிற நாட்டிலும் குருவி எண்ணுகிறவர்கள் இருப்பார்கள். சேராதே என்று சொல்ல மாட்டேன். தடி நடச் சொன்னால், அந்த ஊரில் தடி நட்டால் என்ன அர்த்தம் என்று முதலில் அந்த ஊர் ஆட்களிடம் கேள். சிரித்தால் சிரிக்கட்டும். சிரிப்புக்குப் பயந்து பாதிச் சொல்லோடு நிறுத்தாதே. உனக்குப் புத்தி சொல்ல என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு நீ அங்கே என்ன செய்யப் போகிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னை இங்கே இரு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. கொழும்பில் இனி இருக்க ஏலாது என்று நீ சொல்கிறாய், உன் ஐயாவின் பெட்டியைப் பார்த்தவள் நான், என்னால் மறுக்க முடியுமா? ஊரிலும் உன் வயதுப் பெடியள் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். சந்தியில் இப்போது வெறும் சைக்கிள்கள்கூட நிற்பதில்லை.

இந்த வருஷமும் கரைக்குப் போனேன். போகாதே என்று நீ எழுதுமுன் போனது, அதனால் கோபிக்காதே. அவை வந்திருக்கின்றன. நாலைந்து சோடி, அவ்வளவுதான். திட்டி இருந்த இடத்தில் இப்போது உவர்த்தண்ணிக் குட்டை. அதற்கும் கடலுக்கும் இடையில் ஈரம் காயாத ஒரு வரம்பு மிஞ்சியிருக்கிறது, அதில் போய் முட்டை இட்டிருக்கின்றன. கையை வைத்தால் ஈரம் ஒட்டுகிறது. பறுவத்துக்கு, நிலவு நிறைகிற நாளில், கடல் அந்த வரம்பில் ஏறும், கரையில் இருக்கிற எவருக்கும் தெரியும், அவைக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் வேறு இடம் இல்லை. ஒரு கூட்டை மணல் குவித்துக் கொஞ்சம் உயர்த்திப் பார்த்தேன். அன்றைக்கும் மறுநாளும் தாய் அதில் வந்து இருக்கவில்லை. முட்டை குளிர்ந்துவிட்டது. அதன்பிறகு கை வைக்கவில்லை. தடியும் நடவில்லை. இந்த இடம் எது என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. போன கிழமை செல்லத்துரை வழியில் மறித்து, அக்கா இந்த முறை எங்கே தடி நடுகிறீர்கள், நீங்கள் காட்டுகிற மணல் நல்ல மணல் என்று கேட்டான். முழங்கால் ஏலாது தம்பி என்றேன்.

பறுவம் வருகிற கிழமை. நீ பிளேன் ஏறுவதும் அந்தக் கிழமைதான். உன்னை அனுப்பக் கட்டுநாயக்காவுக்கு வர எனக்கு ஏலாது, அதை நினைத்து நீ வருந்தாதே. பறுவத்துக்கு மறுநாள் விடியக் கரைக்குப் போவேன். அட்டை ஒன்று மிச்சம் இருக்கிறது, ஆனால் நான் தமிழில் எழுதுவதை இங்கிலீசாக்கிக் கொடுக்கக் கொழும்பில் இனி ஒருவரும் இல்லை, கணக்கிலிருந்து கழித்த இடத்துக்கு அவர்களுக்கு அட்டையும் தேவையில்லை. ஆனால் நீ அங்கே இருந்துகொண்டு என்ன நடந்ததோ என்று நினைப்பாய், உன்னை எனக்குத் தெரியும். அதனால் போய்ச் சேர்ந்ததும் உன் விலாசத்தை எழுது. முட்டைகள் கிடந்தால் கிடக்கின்றன என்று எழுதுவேன். கிடக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அம்மா